நியர் மிஸ்ஸுக்கு நாலாவது அர்த்தம்

பேசிக்கொண்டிருக்கிற ஆளை நடுவில் நிறுத்துவது மரியாதையில்லை என்று அந்த அக்காவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. மாமியாரோடு போட்ட சண்டையை நான் சொல்லிக்கொண்டிருப்பேன், அழுகை தொண்டை வரைக்கும் வந்திருக்கும், அப்போது பார்த்துக் கையை நீட்டுவார். “ஏ பிள்ள, இப்போ ஒரு வார்த்தை சொன்னேல்லா, அதை எங்க வச்சு கேட்டே?” என்பார். வந்த அழுகை அப்படியே நின்றுவிடும். எரிச்சல்தான் மிச்சம்.

தென்பக்கத்து ஆள். ‘எங்கே’ என்று கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் ‘எங்க வச்சு’ என்பார். ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்துகட்டிப் பேசுகிற எங்களுக்கு அந்தப் பேச்சு முதலில் சிரிப்பாக இருந்தது. “என்னாக்கா நீங்க, எங்க வச்சு, எதை வச்சுன்னு கேட்டுக்கினே இருக்கீங்க” என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் டிக்‌ஷனரி மேடம். பஸ்ஸில் எனக்கு மட்டும் அக்கா.

வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. நான் குவாலிட்டி மேஜையில் நிற்கிறவள். எங்கள் வீட்டுக்காரர் அதே கூடத்தில், என் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், பவர் பிரஸ் ஓட்டுகிறவர். அக்காவுக்கு ஆபீஸ் மாடியில் வேலை. மேலே இருந்து இங்கிலீஷில் வருகிற அறிவிப்புகளைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிப் பலகையில் ஒட்டுவார். எழுதியதைக் கீழே கொண்டுவந்து, படிக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பார்.

பயந்தாங்கொள்ளி என்றால் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பிரஸ் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் அவர் கண் மூடித் திறக்கும். மாதக்கணக்காக வந்தும் அது பழகவே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டார். லாரி உரசிவிடுமாம். லிப்டில் ஏற மாட்டார். பிளான்ட் ஹெட் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு “குட் மார்னிங் சார்” என்று மதியம் மூன்று மணிக்குச் சொல்வார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பெங்களூரில் வருஷக்கணக்காக வார்த்தை பொறுக்கியவர் அவர். வெளிநாட்டு இங்கிலீஷ் அகராதி ஒன்றுக்கு வேலை செய்கிற ஆபீஸ். பேப்பர், கதைப் புத்தகம், விளம்பரம், மருந்துச் சீட்டு, இன்டர்நெட்டில் ஜனங்கள் போட்டுக்கொள்கிற சண்டை, எதையும் விடாமல் படிக்க வேண்டும். புதிதாக ஒரு வார்த்தை கண்ணில் பட்டால், இல்லை பழைய வார்த்தை ஒன்று புது வேலை பார்க்க ஆரம்பித்தால், அந்த முழு வாக்கியத்தையும், எங்கே எப்போது வந்தது என்பதையும் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் எங்கள் மாமியார் சண்டை வரைக்கும் வந்து நின்றது.

“ஒருத்தரு சொன்னா அதெல்லாம் கணக்குல வராது பிள்ள. வேற வேற ஆளு, வேற வேற இடத்துல, கொஞ்ச காலத்துக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும். முதல்ல அந்த வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு எழுதுவாங்க. பக்கத்துலயே அதுக்கு அர்த்தமும் சொல்லுவாங்க. அப்புறம் ஒருநாள் அர்த்தம் சொல்லுததை விட்டுருவாங்க. குறியும் காணாமப் போயிரும். அன்னைக்கு அது உள்ள வந்துட்டு.”

“வந்தா என்னாக்கா பண்ணுவீங்க?”

“என்ன பண்ண? எழுதி வைக்க வேண்டியதுதான்.”

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், இங்கிலீஷில் ‘நைஸ்’ என்றால் ஒரு காலத்தில் முட்டாள் என்று அர்த்தமாம். ‘கேர்ள்’ என்றால் ஆண் பெண் எந்தப் பிள்ளையையும் சொல்வார்களாம். ‘கம்ப்யூட்டர்’ என்பது கணக்குப் போடுகிற மனுஷனுக்குப் பெயராம். ஆள் போய் மிஷின் வந்தது, பெயர் மட்டும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவர் ஆபீஸிலும் அதேதான் நடந்தது. கோடிக்கணக்கான வாக்கியங்களை மிஷினே வாரிப்போட்டுத் தேட ஆரம்பித்ததும் ஆட்களைக் குறைத்தார்கள். அப்படித்தான் எங்கள் ஊர் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார்.

எனக்கு இங்கிலீஷ் விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. உத்தனப்பள்ளியிலிருந்து தினமும் பஸ் ஏறி ஓசூரில் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். யாராவது தப்பாகப் பேசினால் காது கூசும். ஒருநாள் சூப்பர்வைசர் மீட்டிங்கை ‘பிரிபோன்’ பண்ணியாச்சு, அதாவது முன்கூட்டியே வைத்தாச்சு, என்றதும் நான் அக்காவிடம் நக்கலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வார்த்தை அகராதியில் ஏறி எத்தனையோ காலமாகிவிட்டது, நம் நாட்டு ஜனங்கள் சொல்லிச் சொல்லியே உள்ளே தள்ளிய வார்த்தை என்றார்.

“அப்போ தப்புன்னே ஒன்னு கிடையாதாக்கா?”

“அது வாத்தியார் வேலை. சரி தப்பு சொல்ல நமக்கு அதிகாரம் இல்ல. ஜனங்க எப்படிச் சொல்லுதாங்களோ, அதுதான் அர்த்தம்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போகும். ஏன் இதற்குப் போய் இவ்வளவு கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு நாள் என் மேஜையருகே அவர் நிற்கும்போது சூப்பர்வைசர் போனில் கத்திக்கொண்டு போனார். “சார், ரெண்டு கான்ட்ராக்ட் இன்னிக்கி வரல, ஒரு கான்ட்ராக்ட் வாந்தி எடுத்துக்கினு கீது!” அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கான்ட்ராக்டுன்னா ஒப்பந்தம். காகிதம். அது எப்படி வாந்தி எடுக்கும்?”

“கான்ட்ராக்ட் ஆளுங்கக்கா. நான் வந்ததுலருந்து அப்படித்தான் சொல்றாங்க.”

“ஆளுங்கிற வார்த்தை உதிர்ந்துட்டு. பாத்தியா? யாரும் திரும்பிக்கூடப் பாக்கல.” நான் சிரித்தேன். வாந்தி எடுத்தவர் பெயர் என்ன என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை சரக்குக் கூடத்தில் தகடுகள் அடுக்கிய மரப்பலகை ஒன்று சரிய ஆரம்பித்தது. குப்பம் பக்கத்துத் தெலுங்குக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, “அண்ணா, பிரமாதம்! பிரமாதம்!” என்று அலறினார். தெலுங்கில் அப்படியென்றால் ஆபத்து. எங்கள் ஊர்க்காரனாக இருந்திருந்தால் ஒரே தாவில் தாவியிருப்பான். கீழே நின்றவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். தன் வேலையைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். பலகை அவருக்குப் பக்கத்தில் விழுந்தது. நகம்கூடப் பெயரவில்லை. டீ நேரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அக்கா மட்டும் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். “ஆபத்தைச் சொல்லுத வார்த்தை, கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து இந்தப் பக்கம் பாராட்டாகிப் போச்சு. நகரும்போது ஒரு சத்தம் கேட்டிருக்குமா பிள்ள?” என்றார்.

அந்தப் பலகை விழுந்ததை அன்றைக்கே நியர் மிஸ் என்று எழுதினார்கள். அதுதான் அந்த வார்த்தையின் சரியான வேலை. தப்பு நடந்தது, ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது நியர் மிஸ். ஆளுக்கு அடிபட்டால் ஆக்சிடென்ட். வேலைக்குச் சேர்கிற அன்றே எங்களுக்கு இதைச் சொல்லித் தருவார்கள். கேட் பக்கத்தில் ஒரு பெரிய பலகையில் விபத்தில்லா நாட்கள் என்று எழுதி, தினமும் செக்யூரிட்டி எண்ணை மாற்றுவார். கம்பெனி வைத்திருக்கிற இலக்கை அந்த எண் தொட்டால் அத்தனை பேருக்கும் ஸ்வீட் பாக்ஸும் ஒரு ஹாட்பாக்ஸும் உண்டு. ஆக்சிடென்ட் ஆனால் எண் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும்.

இப்போது யோசித்தால் எப்போது ஆரம்பித்தது என்றே சொல்ல முடியவில்லை. ஒருவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. “இதெல்லாம் ஒரு ஆக்சிடென்ட்டா, நியர் மிஸ்ஸுன்னு போடுப்பா” என்றார்கள். நியாயமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருவருக்குப் பிளாஸ்திரி. அப்புறம் கண்ணில் எண்ணெய் தெறித்து ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாயங்காலமே திரும்பிவிட்டார். திரும்பிவிட்டாரே, அப்புறம் என்ன, நியர் மிஸ்தான். பேரிகையிலிருந்து வருகிற லோடர் ஒருவர் கால்மேல் இரும்புப் பெட்டி விழுந்தது. இலக்குக்கு இன்னும் கொஞ்சம் நாள்தான் பாக்கி. அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு அவரே சொன்னார், “நியர் மிஸ்தான் சார், எழுதிக்கோங்க.” நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். என்ன மனுஷன், நம் எல்லோருக்காகவும் பல்லைக் கடித்துக்கொள்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாடிப்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “எலும்பு விட்டுப்போச்சாம் பிள்ள. நீங்க கை தட்டுதீங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. தினமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ஆள், யார் எப்படிச் சொன்னாலும் எழுத வேண்டியதுதான் என்கிற ஆள், எங்களைப் பற்றி மட்டும் இப்படிச் சொல்வதா என்று இருந்தது. இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு கடலை மிட்டாயை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

என் பயமெல்லாம் வேறு. பிரஸ் மிஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் இருக்கும். கை குறுக்கே போனால் மிஷின் தானாக நின்றுவிடும். ஆனால் சட்டை நுனி பட்டாலும் நிற்கும், தகடு கொஞ்சம் சாய்ந்தாலும் நிற்கும். அப்படி நின்று நின்று ஓடினால் டார்கெட் வராது. அதனால் சூப்பர்வைசர் சாவியைப் போட்டுச் சென்சாரை ஆஃப் பண்ணிவிடுவார். ஆஃப் பண்ணினால் எங்கள் வீட்டுக்காரர் கைக்கும், டை என்கிற, மேலிருந்து இறங்கும் இரும்பு அச்சுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. தகடு கோணலாக உட்கார்ந்தால் கையை விட்டு நேராக்கி, அடி விழுவதற்குள் இழுத்துக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. நான் மேஜையிலிருந்து தலையைத் தூக்குவதே இல்லை. தூக்கினால் பார்த்துவிடுவேனே. அந்தோணியாருக்கு வாரம் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கையை இழுக்கும்போது தகட்டின் விளிம்பு அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாக. தையல் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் பஸ்ஸில் அக்கா வழக்கம்போல, “என்ன பிள்ள, முகம் வாடியிருக்கு?” என்றார்.

“ஒன்னுமில்லக்கா. நேத்து எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நியர் மிஸ், நாலு தையல்.”

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மடியில் சரிசெய்துகொண்டேன். திரும்பினால், அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ அர்த்தமே சொல்லல” என்றார்.

“என்னாக்கா?”

“போன மாசம்கூட ‘நியர் மிஸ்ஸுன்னு சொல்றாங்கக்கா’ன்னுதான் சொன்னே. ‘சொல்றாங்க’ன்னு ஒரு வார்த்தை கூட இருந்துச்சு. இன்னைக்கு அது இல்ல. கட்டினவன் கை கிழிஞ்சிருக்கு, அதை நீ அப்படியே சொல்லுத.” என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். “வந்துட்டு பிள்ள. அந்த அர்த்தம் உள்ள வந்துட்டு.”

கையை இழுத்துக்கொண்டேன். முந்தின நாள் ரத்தத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. பஸ் ஓடுகிற சத்தத்தில் அவர் மறுபடி ஏதோ கேட்டார். “உன் வாக்கியத்தை எடுத்துக்கிடட்டா? பேரு போட மாட்டேன்.” எடுத்துக்கோங்க அக்கா, அதில் என்ன இருக்கிறது என்றேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் பாதுகாப்பு வார விழாவுக்காக, கம்பெனியில் புழங்கும் வார்த்தைகளுக்கு எளிய விளக்கம் எழுதி ஒட்டச் சொல்லி அவருக்கு மேலிடத்தில் உத்தரவு. ஹெல்மெட், கையுறை, அவசர வழி என்று வரிசையாக எழுதியிருந்தார். காலை ஷிப்ட் உள்ளே வரும்போது பலகை முன்னால் கூட்டம். நான் எட்டிப் பார்த்தேன். தமிழிலும் கன்னடத்திலும், அவருடைய குண்டு குண்டான எழுத்தில் இருந்தது:

நியர் மிஸ்: 1. தவறு நடந்தும் யாருக்கும் அடிபடாதது. ‘பலகை சரிஞ்சுது, ஆளு தப்பிச்சான்.’ இந்தப் பொருளில் வழக்கு அருகிவருகிறது. 2. சிறு காயம். ‘பிளாஸ்திரி போட்டாச்சு, நியர் மிஸ்ஸுன்னு போடுப்பா.’ 3. ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் எண்ணிக்கையில் சேர்க்கப்படாத காயம். ‘நியர் மிஸ்தான் சார், எழுதிக்கோங்க.’ 4. அடிபட்டவரின் வீட்டாருக்கே விபத்து என்று தோன்றாத விபத்து. ‘நேத்து எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நியர் மிஸ், நாலு தையல்.’

என் வாயிலிருந்து வந்தது அங்கே எழுத்தாக இருந்தது. பெயர் இல்லை. பெயர் எதற்கு? புருஷனும் பெண்டாட்டியுமாக அந்தக் கூடத்தில் வேலை பார்ப்பது நாங்கள் மட்டும்தான். எங்கள் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அடிப்பாவி அக்கா, நம்பி வாயைத் திறந்தவளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாயே என்று மனசுக்குள் கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். இன்னொருவர் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் தாளைக் கிழித்துவிட்டார்கள்.

எங்கள் இரண்டு பேரையும் மாடிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர் டம்ளர், தண்ணீர் தளும்பித் தளும்பித் தரையில் சிந்திக்கொண்டிருந்தது. பிளான்ட் ஹெட் கத்தவில்லை. அவர் கத்தாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“நியர் மிஸ்ஸுக்கு இப்படி ஒரு அர்த்தம் எந்த டிக்‌ஷனரில இருக்கு மேடம்?”

“எந்த டிக்‌ஷனரிலயும் இல்ல சார். நம்ம கம்பெனில இருக்கு.”

“நீங்களா எழுதுனீங்களா?”

“நானா எதையும் எழுதல சார். எல்லாரும் சொன்னதைத்தான்...” குரல் உடைந்துபோனது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “சொன்னது யாருன்னு கேக்காதீங்க. எழுதினது நான். என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க சார்.”

பிளான்ட் ஹெட் எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “உங்க கையில ஆனது ஆக்சிடென்ட்டா, நியர் மிஸ்ஸா?”

அதில் இருந்த பொறி எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆக்சிடென்ட் என்றால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, மறைத்தாய் என்று இவரை வெளியே அனுப்பலாம். நியர் மிஸ் என்றால், அதை விபத்து என்று பொய் எழுதினாள் என்று அக்காவை அனுப்பலாம். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நியர் மிஸ்ஸுன்னுதான் சார் சொன்னோம்” என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் இவர் மெதுவாக, “ஆனா ரத்தம் வந்துச்சு சார். நிறைய வந்துச்சு” என்றார்.

அதற்குமேல் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. “சென்சார் ஆஃப்ல இருந்துச்சு சார்! தினமும் ஆஃப்லதான் சார் ஓட்டறாங்க!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பிளான்ட் ஹெட் சூப்பர்வைசரைப் பார்த்தார், சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தார். எங்களை வேலைக்குப் போகச் சொன்னார்கள்.

அக்கா அன்று சாயங்கால பஸ்ஸில் வரவில்லை. கேட் வரைக்கும் அவரைச் செக்யூரிட்டி கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஒரே ஒருமுறை போன் செய்தார். “எனக்குப் போன் கீன் பண்ணாதே பிள்ள. என்கூடப் பேசுதேன்னு தெரிஞ்சா உங்களுக்குத்தான் கெடுதல். பலகைல ஒட்டப்போறேன்னு சொல்லாம உன் வாக்கியத்தைப் போட்டிருக்கக் கூடாது. பயமா இருக்கு, ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு” என்றார். நான் கோபமாகத்தான் இருந்தேன். இருந்தும் சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்டேன்.

அந்தப் படம் போன் போனாகச் சுற்றி, எங்களிடம் பாகம் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். அத்தனை பிரஸ்ஸிலும் சென்சாரை ஆன் பண்ணி, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டி வைத்தார்கள். வாசல் பலகையில் எண் பூஜ்யமானது. ஹாட்பாக்ஸ் இல்லை, ஸ்வீட் இல்லை. பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு மெமோ கொடுத்து, இன்னும் ஒன்று வாங்கினால் வீட்டுக்குத்தான் என்றார்கள். அவரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. “நல்லா ஓடிக்கினு இருந்த மிஷின், இப்ப எதுக்கெடுத்தாலும் நின்னுக்குது. நீயும் உங்கக்காவும் சேர்ந்து என்னை ஒருவழி பண்ணிட்டீங்க” என்று முணுமுணுப்பார். கிடைக்கிற திட்டெல்லாம் எனக்குத்தான். அக்காவை நினைத்தால் ஒரு சமயம் பாவமாக இருக்கும், ஒரு சமயம் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. மதியம் ஷிப்ட் முடிந்து இவர் வந்தார். வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். சோறு போட்டு வைத்தேன். தட்டைத் தொடவில்லை. காய்ச்சல் எனக்கா அவருக்கா என்று தெரியாதபடி உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க? சூப்பர்வைசர் ஏதாச்சும் சொன்னானா?”

தலையை ஆட்டினார்.

“தகடு கோணலா உக்காந்துச்சு” என்றார். “கை தானா போயிடுச்சு. பழக்கம். நான் இழுக்கல. இழுக்கணும்னு தோணவே இல்ல, எங்கயோ நெனப்பு. மிஷின் பாதில நின்னுடுச்சு. நான் குனிஞ்சு பாக்கறேன், கை உள்ள கீது, மேல டை தொங்குது.” இன்னொரு கையின் இரண்டு விரலை லேசாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பீடி நுழைகிற இடைவெளி. “இவ்ளோதான் இருந்துச்சு.”

அதற்கு அந்த வார்த்தையையே, அதன் முதல் அர்த்தத்தில், சொல்லப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சோறு ஆறிப்போயிருந்தது. போன் செய்யாதே என்று அக்கா சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் அவருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“என்ன பிள்ள? என்ன ஆச்சு?”

“அக்கா, இவர் கை...”

அதற்குமேல் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் அவர் அலறிய அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எங்கள் இரண்டு பேரையும் தன் கையாலேயே கொன்றுவிட்டது போன்ற அலறல்.

“இருக்குக்கா!” என்று நானும் கத்தினேன். “இருக்கு! முழுசா இருக்கு! அக்கா, கேளுங்க, நல்லா இருக்கு!”

அவருக்குக் கேட்கவில்லை. அழுதுகொண்டே இருந்தார். நான் சொல்லி அவர் நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. “நீங்களே சொல்லுங்க” என்று போனை எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.